கோடும் புள்ளியும்

"அசையாதேடா. இன்னும் ஒரு சொட்டுதான்."

தம்பியின் கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு லெம்பி குறிபார்த்தாள். சொட்டு மூக்கின் மேல் விழுந்து உதடு வரைக்கும் ஓடியது.

"முப்பத்தோரு வருஷம் வீடு வீடாத் தபால் போட்டியே, இப்படித்தானா போட்டே?" என்றான் ஆர்வோ. "பக்கத்து வீட்டுப் பெட்டியில?"

"வாயை மூடு. கண்ணைத் தொற."

இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது. கண் காயாமல் இருப்பதற்கான மருந்து, அவ்வளவுதான். ஆர்வோவின் பார்வையை மறைத்த ரத்தம் கண்ணுக்குள்ளே வெகு பின்னால், எந்தச் சொட்டும் போய்ச் சேராத இடத்தில் கசிந்து கிடந்தது. அது இருவருக்கும் தெரியும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள், லெம்பி போட்டாள். ஏதாவது ஒன்றை நேரத்துக்குச் செய்துகொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது.

நவம்பர் கடைசி. ஊரெல்லாம் வான்கோழி சமைக்கும் நன்றித் திருநாளுக்கு மறுநாள் காலை. பனி விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முன்னறையில், ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டிக் கட்டில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சுற்று மருந்து ஏற்றி, அது கேட்காமல், அடுத்த சுற்று வேண்டாம் என்று ஆர்வோ தானே சொல்லி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ரத்தப் புற்றுநோய். வயது அறுபத்தொன்று. நர்ஸ் காலீன் நேற்று மாலை அவன் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கு நான் சீக்கிரமே வந்துடறேன் லெம்பி," என்று மட்டும் சொன்னாள்.

ஆர்வோ இப்போது அக்காவைப் பார்ப்பதற்காகப் பக்கத்திலிருந்த விளக்கைப் பார்த்தான். நேராகப் பார்த்தால் நடுவில் செம்பழுப்பாக ஒரு மறைப்புதான் தெரியும். ஓரத்தில்தான் அவனுக்கு உலகம் மிச்சமிருந்தது. யாரைப் பார்க்க வேண்டுமோ அவரை விட்டுச் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். அதனால் வந்துபோகிறவர்களுக்கு அவன் விளக்கோடும் அலமாரியோடும் பேசுவதாகத் தோன்றும். சிலர் திரும்பி அலமாரியைப் பார்ப்பார்கள்.

"தலையைச் சீவலியா நீ?" என்று விளக்கைக் கேட்டான்.

"நீ ரொம்ப அழகா இருக்கறதா நெனப்போ?"

சிரித்தான். ஈறில் ரத்தம் தெரிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

பிறகு அவன் மல்லாந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். வெளியே பனியில் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியாக மேலேறி வெள்ளைக் கூரையில் அசைந்தது. அந்தக் கூரைதான் மூன்று வாரமாக அவனுக்கு வானம். அவன் கண்ணுக்குள் உலவும் புள்ளிகள் அதில் மிதந்து வந்தன, வட்டமிட்டன, தாழ்ந்து போயின. அவன் உதடு அசைந்தது. "ரெண்டு," என்றான் ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு." யாருக்கும் சொல்லவில்லை, பழக்கம்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றின் மேல், ஆகஸ்ட் பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரைக்கும், பருந்துகளை எண்ணுகிற வேலை. வடக்கிலிருந்து இறங்கி வரும் பருந்துகளுக்குப் பெரிய ஏரியின் மேல் பறக்கப் பிடிக்காது. குளிர்ந்த தண்ணீருக்கு மேலே அவற்றைத் தூக்கிவிடும் காற்று கிடையாது. கரைக்கு வந்ததும் திரும்பி, குன்றோரமாகவே தெற்கே போகும். அங்கே இரண்டு நாற்காலிகள். ஒருவர் பார்ப்பவர், ஒருவர் எழுதுபவர். பார்ப்பவர் வானத்திலிருந்து கண்ணை இறக்கக் கூடாது, எழுதுபவர் தாளிலிருந்து தலையைத் தூக்கக் கூடாது. சொன்னதை எழுத வேண்டும். "நிஜமாவா?" என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கூட்டமாக வந்தால் எண், தனியாக வந்தால் பறவைக்கொரு கோடு.

ஆர்வோ பார்ப்பவன். கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறையில் பாரந்தூக்கி ஓட்டியவன், மூடுபனியில் கப்பல் பாதி வெளியே வரும்போதே பெயர் சொல்லிவிடுவான். கண்ணாடி போட்டதே இல்லை, அதைத் தானே செய்து முடித்த காரியம்போலப் பேசிக்கொள்வான். லெம்பிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. பார்ப்பவர் நாற்காலியில் அவளை யாரும் உட்கார வைத்ததில்லை.

ஒன்பது மணிக்கு வெண்டல் சமையலறைக் கதவைத் தட்டினார். குன்றின் கணக்குகளை வைத்திருப்பவர், முன்னாள் கணித ஆசிரியர். ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராத மனிதர். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை வாசலில் தட்டிவிட்டு, நேற்று மிஞ்சிய வான்கோழியில் நூடுல்ஸ் போட்டு வேகவைத்ததைப் பாத்திரத்தோடு மேஜையில் வைத்தார்.

"முழிச்சிருக்காரா?"

"முழிச்சுதான் இருக்கான். கூரையை எண்ணிட்டிருக்கான்."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தைத் தாள்களை எடுத்தார்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதான் லெம்பி. திங்கக்கிழமை கணக்கை மாநில அரசுக்கு அனுப்பணும். இதைப் பாருங்க. ஆகஸ்ட் இருபத்தெட்டுலருந்து அக்டோபர் மூணு வரைக்கும். கோடு எனக்குப் புரியுது. இந்தப் புள்ளி என்ன?"

லெம்பி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"பத்தொன்பது வருஷத்துல நீங்க ஒரு புள்ளி வெச்சதில்ல. இதுல நானூத்திப் பன்னெண்டு இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். பறவைன்னா சேத்துடறேன். இல்லேன்னா விட்டுடறேன். எதுன்னு சொன்னாப் போதும்."

"காபி குடிங்க."

"லெம்பி..."

"சாயங்காலம் வாங்க. சொல்றேன்."

அவர் காபியை நின்றுகொண்டே குடித்தார். தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

முதல் புள்ளி ஆகஸ்ட் இருபத்தெட்டு. "ஒண்ணு, ஏரிக்கு மேல, நல்ல உயரம்," என்றான் ஆர்வோ. எதற்கென்றே தெரியாமல் லெம்பி அன்று தலையைத் தூக்கினாள். நீலமாக வானம் மட்டும் இருந்தது. தன் கண்ணைத்தான் நொந்துகொண்டாள். கோடு போட மனசு வரவில்லை, தம்பி சொன்னதை எழுதாமல் விடவும் முடியவில்லை. ஒரு புள்ளி வைத்தாள். வீட்டுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். கேட்கவில்லை.

அடுத்த வாரம் புள்ளிகள் கூடின. அப்போதுதான் கவனித்தாள். அவன் தலையை இடப்பக்கம் திருப்பினால் அவன் பருந்தும் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினால் அதுவும் திரும்பியது. "பாரேன், மனசை மாத்திக்கிச்சு," என்பான். எந்தப் பருந்தும் அப்படிப் பறக்காது. அதே வாரம் ஆப்பிளைக் கடித்தபோது அதில் சிவப்பு ஒட்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே ஊதா ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, எங்கேயோ, என்றான். அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. கண்தான் அவனிடம் இருந்த ஒரே பெருமை, அதை அவள் எப்படிப் பறிப்பாள்? தினமும் பென்சிலைச் சீவிக்கொண்டு போனாள், புள்ளி வைத்தாள்.

அக்டோபர் நாலாம் தேதி காலையில் அவன் இடது கண்ணில் சிவப்புத் திரை விழுந்தது. கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கை அணைத்தாள். "உள்ள நெறைய இடத்துல ரத்தம் கசிஞ்சிருக்கு. ஒவ்வொரு செவப்புப் புள்ளிக்கும் நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு. இது கண்ணோட நோய் இல்ல, ரத்தத்துலருந்து வருது. இன்னிக்கே போய் ரத்தம் குடுங்க, நானே போன் பண்ணிடறேன்," என்றாள். அப்புறம் கேட்டாள், "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு நாளா," என்றான் ஆர்வோ.

லெம்பி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாரப் புள்ளிகள் வெளியே வண்டியில், முன் இருக்கையில் கிடந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பார்த்த எந்த டாக்டரிடமும், ஐந்து வாரம் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

இப்போது வெண்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும். பறவை என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால், அப்படியானால் உனக்கு எப்போதே தெரியும் என்றாகும். அது ஊருக்குத் தெரிவது பற்றி அவளுக்குக் கவலையில்லை. கட்டிலில் கிடப்பவனுக்குத் தெரியக் கூடாது. அவன் போவதற்குள் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு மனசும், அவனிடம் சொல்லாமல் அவனை அனுப்பிவிட்டு எப்படி இருப்பாய் என்று இன்னொரு மனசும் அவளைப் படுத்தின. பாத்திரத்தை அடுப்புக்குள் வைத்தாள். அடுப்பை மூட்ட மறந்துபோனாள்.

"வெண்டல் என்ன கேட்டாரு?" முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"வான்கோழி கொண்டாந்தாரு."

"அதை எண்ணிக் குடுக்கணுமாமா?"

அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வையை இழுத்துவிட்டாள், இழுக்கத் தேவையில்லாத போர்வை. அவன் கண் விளக்குக்கு வந்தது.

"புள்ளியைத்தானே கேட்டாரு?"

லெம்பியின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. "எந்தப் புள்ளி?"

"அக்கா, எனக்குக் கண்ணுதான் போச்சு. காது இருக்கு. கோடு போட்டா உன் பென்சில் சர்ர்ருங்கும். புள்ளி வெச்சா டொக்குங்கும். பத்தொன்பது வருஷமா சர்ரு சர்ருன்னு கேட்டவன். ஆகஸ்ட் கடைசியில திடீர்னு டொக்கு. மறுவாரம் டொக்கு டொக்குன்னு மரங்கொத்தி மாதிரி. எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு."

அவள் போர்வை நுனியை மடித்தாள், விரித்தாள்.

"ஒரு நாள் சோதிச்சுப் பாத்தேன். வானம் காலி. வேணும்னே, 'ஒண்ணு'ன்னேன். டொக்கு. அப்புறம் காக்கா சைஸுக்குக் கிட்டத்துல ஒண்ணு போச்சு, எந்தக் குருடனுக்கும் தெரியும். சொன்னேன். சர்ரு. அப்போதான் தெரிஞ்சுது, என் கண்ணு போவுதுன்னு. டாக்டருக்கு முன்னாடி உன் பென்சில்தான் சொல்லிச்சு."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

லெம்பிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு வாரம் ஆர்வோ."

"தெரியும்."

"அஞ்சு வாரத்துல என்ன வேணும்னாலும் செஞ்சிருக்கலாம்டா."

"செஞ்சிருக்கலாம். டாக்டரைக் கேட்டேன், அந்த வெள்ளைத் தாடிக்காரரை. அஞ்சு வாரம் முந்தி வந்திருந்தா பொழச்சிருப்பேனான்னு."

"என்ன சொன்னாரு?"

"தெரியாதுன்னாரு. நல்ல மனுஷன்."

அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. வலிக்குமோ என்று பயந்து தடவாமல் வெறுமனே பிடித்திருந்தாள்.

"சொல்லியிருந்தா குன்றை விட்டு எறக்கியிருப்பீங்க," என்றான் அவன். குரல் மெலிந்துகொண்டே வந்தது. "செப்டம்பர் பதினாறு கெடச்சிருக்காது. பதினோராயிரம் பருந்து அக்கா. ஒரே நாள்ல. சுழல் சுழலா, ஒண்ணு மேல ஒண்ணா, காபிப் பொடியைத் தண்ணியில போட்டாப்ல. வெண்டல் அழுதாரு, பாத்தியா? அன்னிக்கு நான் வாயே தொறக்கல. ஒரு எண்ணும் சொல்லல. உங்க எல்லாரையும் விட்டு எண்ணச் சொன்னேன். ஏன்னு நெனச்சே?"

"வாயடைச்சுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"எனக்கு எது வெளியில இருக்கு, எது உள்ள இருக்குன்னு பிரிக்கத் தெரியல. எல்லாம் சேந்து போச்சு. அவ்வளவும் என்னோடதுதான்னு நெனச்சிட்டு உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு."

"மடையன்," என்றாள் லெம்பி. "ரெண்டு பேருமே மடையங்க."

"நீ மூத்தவ. நீதான் பெரிய மடச்சி."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் எழுந்தபோது மறுபடி பேசினான்.

"வெண்டல்கிட்ட சொல்லிடு. புள்ளி ஒண்ணு கூட பறவை இல்ல. இல்லாததை எண்ணினவன்னு எம்பேரு இருக்கக் கூடாது."

"சொல்றேன்டா."

"இன்னிக்கே சொல்லு."

காலீன் பத்தரைக்கு வந்தாள். ஆர்வோவின் நாக்குக்குக் கீழே மருந்தை விட்டாள், தலையணையை மாற்றினாள், பாதங்களைப் பார்த்தாள். பாதங்களிலிருந்து நீலம் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. லெம்பியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, வாசற்படிப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல நர்ஸ், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவள்.

மருந்து அவனை ஏதோ ஒரு தண்ணீரில் மிதக்க விட்டிருந்தது. கரைக்கு வருவான், போவான். பதினோரு மணி சுமாருக்கு ஒருமுறை வந்தபோது சொன்னான்:

"அட்டையை எடு."

லெம்பி காலீனைப் பார்த்தாள். காலீன் தலையசைத்தாள். குன்றில் தாள் செருகி எழுதும் அட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. புதுத் தாள் ஒன்றைச் செருகி, தேதி போட்டு, கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பார்ப்பவர் என்ற இடத்தில் அவன் பெயரையும் எழுதுபவர் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள். பருவம் முழுக்கக் கேட்ட கேள்விகளை அதே வரிசையில் கேட்டாள்.

"காத்து?"

அவன் காது கொடுத்தான். புகைபோக்கியில் காற்று முனகியது. "வடமேக்கு. மெதுவா."

"மேகம்?"

"இல்ல."

"எவ்வளவு தூரம் தெரியுது?"

இதற்கு அவன் யோசித்தான். குன்றில் என்றால் அக்கரை தெரிகிறதா, கலங்கரை விளக்கம் தெரிகிறதா என்று பார்த்து மைல் சொல்வான். "நல்லாத் தெரியுது," என்றான் கடைசியில்.

அவள் அதை அப்படியே எழுதினாள்.

"மூணு," என்றான் கூரையைப் பார்த்து. "ரொம்ப மேல."

லெம்பிக்கு ஏழு வயதிலிருந்து எழுதத் தெரியும், ஒரு கோடு போடுவது இத்தனை கஷ்டமாக இருந்ததில்லை. மூன்று கோடு போட்டுவிடத்தான் கை வந்தது. போட்டிருப்பாள், ஆனால் அவனுக்குக் கேட்குமே. பென்சிலை நிமிர்த்திப் பிடித்து மூன்று புள்ளி வைத்தாள். டொக். டொக். டொக்.

அவன் உதட்டோரம் அசைந்தது.

"என்னோடது."

"உன்னோடதுதான்டா."

அப்படியே போயிற்று. இரண்டு, நாலு, ஒன்று, மறுபடி மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு டொக்குக்கும் அவன் சரி என்பதுபோல மூச்சு விட்டான். கணக்கு நேராக இருக்கிறது, எது உள்ளே எது வெளியே என்று அக்கா பிரித்து வைக்கிறாள், அவன் பயப்பட ஒன்றுமில்லை. கூரையில் பனி வெளிச்சம் ஆடியது. இரவெல்லாம் விழித்திருந்தவளுக்குக் கண் சொக்கியது. சொக்கிய கண்ணுக்கு அந்த வெள்ளையில் என்னவோ நகர்வதுபோல இருந்தது. அகலமாகச் சிறகை விரித்து, அடிக்காமல், எங்கேயும் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அறைக்கும் ஏரிக்கும் நடுவில் சுவர் இல்லை, அவர்கள் இருவரும் நாற்காலியோடும் கட்டிலோடும் குன்றின் மேல் இருந்தார்கள், செப்டம்பர் வெயில் முதுகில் பட்டது. அவள் உதறி நிமிர்ந்து தாளைப் பார்த்தாள். தாளில் புள்ளிகள் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன.

பன்னிரண்டரைக்கு மேல் அவன் சொல்வது நின்றது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. காலீன் எழுந்து வந்து கால்மாட்டில் நின்றாள். சமையலறையில் காய்ச்சிய காபி ஆறிப் போயிருந்தது, அதை இருவருமே ஊற்றிக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு ஆர்வோ தலையைத் திருப்பினான். தானாகவே திருப்பினான். கூரையை விட்டுவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்தான்.

"ஒண்ணு," என்றான்.

லெம்பி பழக்கப்படி தாளின் மேல் குனிந்திருந்தாள். பென்சில் நுனி தாளைத் தொடப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் எதைப் பார்க்க வேண்டுமோ அதற்குப் பக்கத்தில் பார்ப்பவன். சுவரைப் பார்த்தான் என்றால் ஜன்னலைப் பார்க்கிறான். சட்டென்று தலையைத் தூக்கினாள். ஜன்னலில் வானமும் அதற்குக் கீழே ஏரியும் இருந்தன.

"எங்கடா?" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திருப்பிக் கேட்டாள். "ஆர்வோ, எங்க?"

அவன் சொல்லவில்லை. பென்சில் தாளுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது. அவள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். காலீன் குனிந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், தன் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு லெம்பிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். லெம்பி பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கோடு போடவுமில்லை, புள்ளி வைக்கவுமில்லை.

கொல்லையில் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் அடுப்பைக் காலையிலேயே மூட்டி வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் செத்தபோது அவர்களைக் குளிப்பாட்டிய வெந்நீரும் அங்கேயிருந்துதான் வந்தது. இரண்டு வாளி கொண்டுவந்து, காலீனும் அவளுமாக அவனைத் துடைத்தார்கள். முகத்தை மட்டும் லெம்பி தானே துடைத்தாள். இமைகளை மூடி அவற்றின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். குன்றிலிருந்து குளிரில் விறைத்து வரும் நாட்களில் அவன் அப்படித்தான் வைத்துக்கொள்வான். அப்போதுதான் நன்றாக அழுதாள். காலீன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்று மணிக்கு உடலை எடுத்துப்போக வேன் வந்தது. வெண்டலும் வந்தார். வேனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார், தொப்பி இந்தத் தடவை கழன்று கையிலேயே இருந்தது. யாரும் கேட்காமல் மண்வாரியை எடுத்து, வாசலிலிருந்து வேன் வரைக்கும் பனியை ஒதுக்கிப் பாதை போட்டார். நேராகப் போட்டார். அந்தப் பாதையில் இரண்டு பேர் ஆர்வோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

லெம்பி கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கையில் வெண்டலின் தாள்களும், அவற்றுக்கு மேல் அட்டையும் இருந்தன. அவரிடம் நீட்டினாள்.

"புள்ளி எதுவும் பறவை இல்ல, வெண்டல். எதையும் சேக்காதீங்க. அவன் கண்ணுக்குள்ள இருந்தது. செப்டம்பர் மொதல்லயே எனக்குத் தெரியும். சொல்லல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "அவனுக்கும் தெரிஞ்சிருக்கு."

வெண்டல் தாள்களை வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லுவார் என்று அவள் நின்றாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் மேலே இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைய தேதி, வடமேற்குக் காற்று, 'நல்லாத் தெரியுது', வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

"இன்னிக்கும் உக்காந்தீங்களா?"

"உக்காந்தோம். கடைசியா ஒண்ணு சொன்னான். கூரையில இல்ல, ஜன்னல்ல. நான் தலையைத் தூக்கறதுக்குள்ள..." கையை விரித்தாள். "என்ன போடறதுன்னு தெரியல. விட்டுட்டேன்."

வெண்டல் மறுபடி தாளைப் பார்த்தார். அட்டையில் கயிற்றோடு கட்டியிருந்த பென்சில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதை விரல்களுக்குள் பிடித்துக்கொண்டார்.

வேன் மெதுவாகத் திரும்பி, தபால் பெட்டியைத் தாண்டி, ஏரிச் சாலையில் இறங்கியது. சாலை வளைவில் மறையும் வரைக்கும் லெம்பி பார்த்துக்கொண்டு நின்றாள். மறைந்த பிறகு பார்ப்பதற்கு எதுவுமில்லாமல் குன்றைப் பார்த்தாள். சாயும் வெயிலில் குன்றின் விளிம்பு ஆரஞ்சாக இருந்தது. அதற்கு மேலே, தெளிந்த வானத்தில், கறுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. கண்ணீர் நின்றிருந்தது கண்ணில், கண்ணாடியும் மங்கலாக இருந்தது. இந்த வயசில் அவள் கண்ணுக்குள்ளும் இரண்டு மூன்று மிதக்கத்தான் செய்கின்றன.

கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இருந்தது. பார்வையை இடப்பக்கம் திருப்பினாள். அது கூட வரவில்லை. வலப்பக்கம் திருப்பினாள். வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அவளைக் கேட்காமல், தன் பாட்டுக்கு, தெற்கே நகர ஆரம்பித்தது.

"ஒண்ணு," என்றாள் லெம்பி, கண்ணை இறக்காமல்.

அவளுக்குப் பின்னால் பென்சில் சர்ரென்று போயிற்று.